அலெக்ஸாந்திரியாவில் ஆயுதமின்றி ஓர் உலா

யூபிசாஃப்ட் நிறுவனத்தார் 2017 அக்டோபரில் வெளியிட்ட ‘அசாசின்ஸ் கிரீட் ஒரிஜின்ஸ்’ என்னும் விளையாட்டு, பழிவாங்கலும் கொலையுமே கதையாக உடையது. ஆயினும் அதற்கென்று அவர்கள் நிர்மாணித்த கிளியோபாத்ரா காலத்து எகிப்து தேசம் அந்தக் கதையின் தேவைக்கு மிஞ்சிய சிரத்தையோடு அமைந்துவிட்டபடியால், பகைவரையும் போரையும் களைந்து, நாட்டை மட்டும் நிறுத்திவைத்து, மறுவருஷம் பிப்ரவரியில் ‘டிஸ்கவரி டூர்’ என்ற பெயரில் யாத்திரிகர்களுக்குத் திறந்துவிட்டார்கள். பிரமிடு, அன்றாட வாழ்க்கை, ரோமானியர் என்று விஷயவாரியாக வகுத்த 75 உலாக்கள் அதில் உண்டு. 5 நிமிஷத்தில் முடிவனவும் உள, 25 நிமிஷம் நீள்வனவும் உள. தரையில் ஓடும் பொன்னிறக் கோட்டைத் தொடர்ந்து சென்று நிலையந்தோறும் நின்றால், மறைவிலிருந்து ஒரு குரல் விளக்கம் சொல்லும். தமிழில் அன்று என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை. என் கணினி சாமானியமானது; நிழல்களின் தரத்தைக் குறைத்த பிறகே காட்சி தடங்கலின்றி ஓடிற்று.

அலெக்ஸாந்திரியாவின் துறைமுகத்திலிருந்து ஃபாரோஸ் தீவுக்குச் செல்லும் கல்லணை வழியே நடந்து, கலங்கரை விளக்கத்தின் உச்சியில் ஏறி நின்று, அணையின் இருபுறத்துத் துறைகளையும், நேர்கோடுகளாக ஓடும் நகரவீதிகளையும் ஒருசேரக் காணும்போது, இந்த ஊர் ஏன் இந்த இடத்தில் எழுந்தது என்பது, எத்தனை வரைபடம் பார்த்தும் விளங்காத தெளிவோடு மனத்தில் பதிகிறது. சதுரமாய், எண்கோணமாய், உருளையாய் மூன்று அடுக்குகள் கொண்டு, 100 மீட்டருக்கு மேல் உயர்ந்திருந்ததாகக் கணிக்கப்படும் அந்தக் கோபுரத்துக்கு ஆதாரம் இல்லாமலில்லை: பழைய நாணயங்களில் அதன் உருவம் இருக்கிறது, பூகம்பங்களால் அது முற்றும் அழியுமுன் நேரில் கண்ட அராபியர்கள் எழுதிவைத்த வர்ணனைகள் இருக்கின்றன, அது நின்ற இடத்தில் எழுந்த காயித்பே கோட்டைக்கு அருகே, 1990களில் பிரெஞ்சு ஆய்வாளர்கள் கடலில் மூழ்கிக் கண்ட பெருங்கற்களும் இருக்கின்றன.

அங்கிருந்து இறங்கி நூலகத்துக்குள் நுழைந்தால் கதை வேறு. உலகப் பிரசித்தி பெற்ற அந்த நூலகத்தினுடையது என்று ஐயமறச் சொல்லத்தக்க ஒரு கல்லும் இன்றுவரை அகப்படவில்லை. எனினும் இங்கே தூண்களும், பாப்பிரஸ் சுருள்கள் அடுக்கிய மாடங்களும், கலங்கரை விளக்கத்தின்மீது விழும் அதே வெயிலில், அதே உறுதியோடு நிற்கின்றன. சில நிலையங்களில் தயாரித்தவர்களே தங்கள் யூகங்களைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பது மெய்தான். ஆனால் அது செவிக்குச் சொன்னதேயொழியக் கண்ணுக்குக் காட்டியதன்று, கண்டதைக் கண் மறப்பதுமில்லை. இத்தகைய புனரமைப்புகளில் எது சான்று, எது அனுமானம் என்று பார்ப்பவர் பிரித்தறியக் கூடவேண்டும் என்று, கணினிவழிப் புனரமைப்புகளுக்கு நெறி வகுத்த லண்டன் சாசனம் 2009லேயே கேட்டிருந்தது. அனுமானத்தால் எழுந்த சுவர்களை மட்டும் மங்கலாக்கிக் காட்டும் ஒரு பொத்தான் இருந்தால் போதுமே!

கீஸாவில் இன்னும் துணிச்சல். பெரிய பிரமிடுக்குள், ழான்-பியேர் ஹூதான் என்ற பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் இருக்கக்கூடுமென்று வாதித்த மறைவறைகளையே கட்டி வைத்திருக்கிறார்கள். விளையாட்டு வெளிவந்த சில தினங்களுக்குள், கல்லையும் ஊடுருவும் மியூவான் துகள்களைக்கொண்டு ஆராய்ந்த விஞ்ஞானிகள், பிரமிடின் பெரிய நடைக்கூடத்துக்கு மேலே குறைந்தது 30 மீட்டர் நீளமுள்ள வெற்றிடம் இருப்பதாக அறிவித்தது விசித்திரமான பொருத்தம். ஆயினும் வெற்றிடம் உண்டென்பதால் ஹூதானின் அறைகள் உண்டென்று ஆகிவிடாது.

இவ்வளவு தைரியம் உள்ளவர்கள், நிர்வாணச் சிலைகளின் இடையில் மட்டும் கிளிஞ்சல்களை ஒட்டி மானத்தைக் காத்திருக்கிறார்கள். பள்ளிக்கூடங்களை எண்ணிச் செய்தார்களாம். பார்த்தவுடன் சிரிப்புத்தான் வருகிறது.

தூரத்தை நம்பக்கூடாது. அலெக்ஸாந்திரியாவுக்கும் கீஸாவுக்கும் இடையே மெய்யாக உள்ள ஏறக்குறைய 200 கிலோமீட்டரை இங்கே குதிரை சில நிமிஷங்களில் கடந்துவிடும். ஊருக்குள் திரிவதற்கு அதனால் குறைவில்லை. மூல விளையாட்டை வைத்திருப்போருக்கு டிஸ்கவரி டூர் இலவசம். கணினியில் தனியாகவும் வாங்கலாம். ஓரிரண்டு உலாக்களைக் கேட்டு முடித்தபின் பொன்னிறக் கோட்டை விட்டு விலகி, சந்துகளில் மனம்போனபடி நடப்பதே உத்தமம் என்பது என் அபிப்பிராயம். வகுப்பில் காட்டும் ஆசிரியர்களோ, நூலகத்து வாசலில் மட்டும் மாணவர்களைச் சற்று நிறுத்திவைத்து, உள்ளே காணப்போவது எவ்வளவு தூரம் கற்பனை என்பதை முன்னதாகவே சொல்லிவிட வேண்டும்.