ஏறி இறங்கும் சூடு

டெக்சாஸ்காரர்களுக்கு, இறைச்சியைப் புகையில் வேகவைக்கும் மின்சார ஸ்மோக்கர் என்றாலே ஓர் இளக்காரம். லாக்ஹார்ட் ஊரின் பழைய இறைச்சிக் கடைகளில் போஸ்ட் ஓக் விறகு எரியும் செங்கல் அடுப்பருகே ஆள் நின்று தீயைக் காப்பதைப் பார்த்தவர்கள் அவர்கள். பிளக்கைச் செருகிவிட்டுத் தூங்கப் போகிறவனை அவர்கள் சமையல்காரனாகவே மதிப்பதில்லை. ஆனால் அந்தப் பெட்டிக்கும் ஒரு குணம் உண்டு. அதைப் படிப்பது தனி ரசனை.

பெட்டியின் அடியில் ஹீட்டர் சுருள், அதன்மேல் மரச்சில்லுகள் போடும் தட்டு, அதற்கு மேல் கம்பி அடுக்குகள். 107 டிகிரி செல்சியஸ் என்று வைத்தால் சூடு அங்கேயே நிற்பதில்லை. அடுப்பை அணைத்த பின்னும் தோசைக்கல் அடுத்த தோசையை வேகவைத்துவிடுவது போல, தெர்மோஸ்டாட் மின்சாரத்தை நிறுத்திய பிறகும் சுருளில் தேங்கிய சூடு உள்ளே பரவுகிறது. முள் 115-ஐத் தொடும். பிறகு 100-க்கு இறங்கும். அப்புறம்தான் சுருள் மறுபடி சிவக்கும். புதிதாக வாங்கியவர் இதைப் பார்த்து மாற்றி மாற்றித் திருகுவார். ஆட்டம் இன்னும் கூடும்.

இறைச்சி இதைக் கண்டுகொள்வதே இல்லை. ஐந்தாறு கிலோ பிரிஸ்கெட், அதாவது மாட்டின் நெஞ்சுக்கறி, வேக பத்துப் பன்னிரண்டு மணி நேரமாவது ஆகும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை வந்துபோகும் காற்றின் ஏற்ற இறக்கம் மேல்தோலோடு நின்றுவிடும். நடுக்கறிக்குச் சராசரி மட்டுமே போய்ச் சேரும். 65 டிகிரியைத் தாண்டியதும் கறியின் சூடு மணிக்கணக்கில் ஏறாமல் நிற்கும். மேலே கசியும் நீர் ஆவியாகிக் கறியைக் குளிர்விப்பதுதான் காரணம். பெட்டி கெட்டுவிட்டது என்று அங்கே பதறுகிறவர்கள் ஏராளம்.

இன்னொரு சூட்சுமம் உண்டு. புகை வருவதே இந்த ஆட்டத்தால்தான். சுருள் நீண்ட நேரம் சிவந்து எரியும்போதுதான் மேல்தட்டின் ஹிக்கரிச் சில்லுகள் கனன்று புகையும். சூட்டை நூல் பிடித்தாற்போல் நிறுத்த ஆசைப்பட்டுச் சிலர் பிஐடி கன்ட்ரோலரைப் பொருத்துகிறார்கள். கப்பலின் சுக்கானைப் பிடிப்பவர் விலகலை மட்டும் பார்ப்பதில்லை, அது எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதையும் கணிக்கிறார் என்று கவனித்த நிக்கோலஸ் மினோர்ஸ்கி 1922-இல் எழுதிய கணிதம் அதற்கு அடிப்படை. கன்ட்ரோலர் பிரமாதமாக வேலை செய்யும். சுருளுக்குத் துளித்துளியாக மின்சாரம் விடும். சில்லுகளோ கனலாமல் கறுத்துக் கிடக்கும். அதனால்தான் பிஐடி வைத்தவர்கள் புகைக்கென்று மரத்தூள் நிரப்பிய தனிப் பெட்டியையும் தேடிப் போகிறார்கள்.

ஆட்டம் எல்லாமே நல்லது என்று சொல்லவில்லை. வேண்டாத ஆட்டத்துக்குக் காரணம் பெரும்பாலும் நாம்தான். நீளமான, மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரில் மின்னழுத்தம் குறையும். ஹீட்டரின் திறன் அதைவிட வேகமாகக் குறையும். கதவை ஒருமுறை திறந்தால் உள்ளிருந்த சூடு மொத்தமும் வெளியே. கதவில் பதித்த தெர்மாமீட்டர் கறி இருக்கும் அடுக்கின் சூட்டைக் காட்டாது. தனி தெர்மாமீட்டரின் கம்பியைக் கறிக்குப் பக்கத்தில், அதைத் தொடாமல் தொங்கவிட வேண்டும். அந்தக் கம்பியையும் முதலில் கொதிநீரில் விட்டு 100 காட்டுகிறதா என்று பார்ப்பது உத்தமம். ஃபாயில் சுற்றிய இரண்டு செங்கற்களைக் கீழே வைத்தால் அவை சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு மெல்லத் திருப்பித் தரும். ஆட்டம் ஓரளவு அடங்கும்.

ஆட்டம் நிஜமாகவே கெடுப்பது சாசேஜை. பெட்டி 80 டிகிரியைத் தாண்டினால் உள்ளிருக்கும் கொழுப்பு உருகி வழிந்து, கடித்தால் சக்கையாக இருக்கும். சாமன் மீனும் அப்படித்தான். சூடு மிஞ்சினால் வெள்ளைப் புரதம் மேலே திரண்டு நிற்கும். இவை இரண்டுக்கும் பிஐடி கொடுத்த காசுக்குத் தகும்.

பிரிஸ்கெட்டுக்கு அது தேவையில்லை. பெட்டியின் முள் ஆடட்டும்; கறிக்குள் 95 டிகிரி வந்து, செருகிய கம்பி தடையில்லாமல் இறங்கினால் இறக்கிவிடுங்கள்.