பெயர் அழிந்த ‘யெல்லோ பாய்’

பித்தளை உடல் பளபளக்கிறது, பேரல் கறுப்பாக மின்னுகிறது, ஆனால் செய்தவர் பெயரை எங்கே தேடியும் காணோம். டெக்சாஸில் பழைய ஆயுதங்கள் விற்கும் கடையில் “1866 வின்செஸ்டர்” என்று என் கையில் கொடுத்த லீவர் ஆக்‌ஷன் ரைஃபிள் இது. விலையையும் அசலுக்குச் சற்றே கீழேதான் வைத்திருந்தார்கள்.

அசல் இல்லை என்பது போல்ட்டைத் திறந்ததும் தெரிந்துவிட்டது. 1866இல் வந்த, பித்தளை உடலால் ‘யெல்லோ பாய்’ எனப்பட்ட வின்செஸ்டர், தோட்டாவின் விளிம்பைத் தட்டி வெடிக்க வைக்கும் வகை. அதன் ஊசிக்கு இரண்டு முனைகள். இதில் போல்ட் முகத்தின் நட்டநடுவில் ஒரே ஒரு துளை. அசலில் நடுவில் தட்டும் ஊசி மிக அபூர்வம். திருகுகளும் மெட்ரிக் அளவில் இருந்தன. அது அந்தக் கால அமெரிக்கத் தொழிற்சாலையின் வழக்கமே அல்ல.

அப்படியானால் யார் செய்தது? அலங்கார வேலைப்பாட்டைப் பார்த்து ஊகிப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. பூவேலையை எந்தப் பட்டறையும் செய்து தரும். நான் பார்த்தது ஓரங்களை. பேரலின் எண்கோண விளிம்புகள் மழுங்கியிருந்தன, திருகுத் துளைகளின் வாய் குழிந்திருந்தது. யாரோ பாலிஷ் சக்கரத்தில் நன்றாகத் தேய்த்து, மறுபடி கறுப்பேற்றியிருக்கிறார்கள். மேலே இருந்த எழுத்தெல்லாம் அதில் போயிருக்கிறது. அடிப்பக்க வரிசை எண் மட்டும் நல்லவேளையாகத் தப்பியிருந்தது. அதுவும் அழிந்திருந்தால் அமெரிக்கச் சட்டப்படி அதைக் கையில் வைத்திருப்பதே குற்றம்.

பாலிஷ் போடுகிறவர் பெரும்பாலும் முன்கட்டையைக் கழற்றி அடிப்பக்கம்வரை போவதில்லை. கடைக்காரர் சம்மதத்தோடு ஒரு துப்பாக்கி மெக்கானிக் கட்டையைக் கழற்றினார். பேரலின் அடியில் நட்சத்திரக் குறியும் ‘பி.எஸ்.எஃப்’ எழுத்துகளும் இருந்தன. பக்கத்தில் சிறு கட்டத்துக்குள் ‘ஏசி’. இத்தாலியில் செய்யும் துப்பாக்கி எதுவும் அரசுச் சோதனைச்சாலையில் கூடுதல் அழுத்தத் தோட்டாவால் சுட்டுப் பார்க்கப்பட்ட பிறகே விற்பனைக்கு வர வேண்டும். அந்தச் சோதனைச்சாலை கார்தோனே வால் டிராம்பியாவில் இருக்கிறது. 1526இலேயே பெரெட்டா குடும்பம் குழல் செய்து விற்ற அதே ஊர். அங்கே பதிக்கும் இந்த முத்திரை, நகைக்கு ஹால்மார்க் போல. கட்டத்துக்குள் இருப்பது சோதித்த ஆண்டு: 1974 வரை ரோமன் எண்கள், 1975இலிருந்து ‘ஏஏ’, ‘ஏபி’ என்று வரிசை. அந்தக் கணக்கில் ‘ஏசி’ 1977.

கார்தோனே, 1977, பித்தளை உடல், 1866 வடிவம் என்று நான்கும் சேர்ந்தால் என் விரல் ஆல்டோ உபெர்ட்டி பட்டறையைத்தான் காட்டுகிறது. 1959இல் கோல்ட் ரிவால்வர் பிரதிகளோடு தொடங்கி, பிறகு லீவர் ரைஃபிள்களிலும் பேர் வாங்கிய இடம். இதில் இறக்குமதியாளர் பெயரையும் காணவில்லை. 1968 சட்டத்துக்குப் பின் அமெரிக்காவுக்கு வணிகமாக வந்த துப்பாக்கியில் அது இருந்தே ஆக வேண்டும். பாலிஷில் போயிருக்கலாம், அல்லது யாரோ ஐரோப்பாவில் வாங்கித் தானே கொண்டுவந்திருக்கலாம். முத்திரையே இல்லாமல் இருந்திருந்தால் ஜப்பானின் மிரோக்குவை நினைத்திருப்பேன். அங்கே இத்தாலியைப் போன்ற கட்டாய முத்திரை வழக்கம் கிடையாது.

செய்தவர் பெயர் போனதில் பெரிய நஷ்டமில்லை. காலிபர் எழுத்தும் போனதுதான் ஆபத்து. இந்த வகை .38 ஸ்பெஷல், .44-40, .45 கோல்ட் எனப் பலவற்றில் வந்திருக்கிறது. மெக்கானிக், குறைந்த சூட்டில் உருகும் உலோகக் கலவையை அறைக்குள் ஊற்றி, ஆறியபின் அச்சை எடுத்து அளந்தார். கழுத்து ஒடுங்கிய வடிவம்: .44-40.

சுடுதளத்தில் மிதமான தோட்டாக்களே போட்டோம். லீவர் சுகமாக ஓடுகிறது. தோட்டா நேராக மேலே எழும்பி அறைக்குள் போவதால் சிக்குவதே இல்லை. .44-40இன் தகடு மெல்லியது. வெடிக்கும்போது விரிந்து அறையை அடைத்துவிடுவதால் புகைக்கரியும் பின்னால் அதிகம் வருவதில்லை. குறைகளும் உண்டு. பாதி இழுத்த ஹேமர்தான் ஒரே பாதுகாப்பு. முட்டிபோல் மடங்கும் டாகிள் இணைப்பு பலமானதல்ல. அதனால் சக்தி கூட்டிய தோட்டாவை இதில் போடவே கூடாது. அதை வின்செஸ்டரின் 1892 மாடலில் உள்ள இரட்டைப் பூட்டுகள்தான் தாங்கும். முன்பக்கக் காட்சிமுனை மங்கலான வெளிச்சத்தில் கண்ணுக்கே பிடிபடவில்லை.

என் தீர்ப்பு: நல்ல சுடும் துப்பாக்கி, சேகரிப்புப் பொருள் அல்ல. பழைய உபெர்ட்டி ஒன்றுக்குக் கொடுக்கிற விலையில், பாலிஷுக்காகக் கொஞ்சம் குறைத்துக் கேளுங்கள். அறைக்கு அச்சு எடுத்த அளவைக் கடைக்காரர் கையெழுத்தோடு தராவிட்டால் வாங்காதீர்கள்.