நின்று ஆடிய ஆல்பம்

அமெரிக்காவின் முதன்மை ஆல்பம் பட்டியலான ‘பில்போர்டு 200’-இல் பாடகி ஷனாயா ட்வெய்னின் ‘கம் ஆன் ஓவர்’ ஒரு வாரம்கூட முதலிடத்தில் இருந்ததில்லை. 1997 நவம்பரில் வெளியானது. இரண்டாம் இடம்வரை ஏறியது. ஆனால் உலக அளவில் ஏறத்தாழ நான்கு கோடிப் பிரதிகள் விற்றது. தனிப் பெண் கலைஞர் ஒருவரின் ஸ்டுடியோ ஆல்பங்களில் இந்த அளவுக்கு விற்றது வேறில்லை. கண்ட்ரி இசை வரலாற்றிலும் இதுவே உச்சம். அந்தப் பட்டியலின் உச்சியைத் தொடாமலேயே இந்தச் சாதனை எப்படிச் சாத்தியமானது? முதல் ஓவரிலேயே சிக்ஸர் அடித்து ஆட்டமிழக்கும் ஆல்பங்கள் ஏராளம். ‘கம் ஆன் ஓவர்’ மூன்று ஆண்டுகள் களத்தில் நின்று ஆடியது.

ஷனாயா அமெரிக்கரே அல்ல. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்துச் சுரங்க நகரமான டிம்மின்ஸில் வளர்ந்தவர். 1987-இல் தாயும் வளர்ப்புத் தந்தையும் சாலை விபத்தில் இறந்துபோக, உல்லாச விடுதி ஒன்றில் பாடித் தம்பி தங்கைகளைக் காப்பாற்றினார். எந்த ரசனையோடு வரும் கூட்டத்துக்கும் பாடியாக வேண்டிய வேலை அது. அந்தப் பயிற்சியின் தடம் இந்த ஆல்பம் முழுக்கத் தெரிகிறது.

ஆட்டத் திட்டம்

பதினாறு பாடல்களையும் ஷனாயாவும் அவருடைய அன்றைய கணவரான தயாரிப்பாளர் மட் லாங்கும் சேர்ந்தே எழுதினார்கள். ஏசி/டிசி, டெஃப் லெப்பர்ட் போன்ற ராக் குழுக்களின் மாபெரும் ஆல்பங்களைத் தயாரித்தவர் லாங். டெஃப் லெப்பர்டின் ‘ஹிஸ்டீரியா’வை உருவாக்கியபோதே, எந்தப் பாடலைத் தனியாக எடுத்தாலும் வானொலியில் நிற்க வேண்டும் என்பது அவர் குறிக்கோள். அதையே இங்கும் கையாண்டார். பதினாறில் பன்னிரண்டு பாடல்கள் ஒவ்வொன்றாகத் தனிப்பாடல்களாக வெளிவந்தன.

வெளியிட்ட வரிசையில்தான் சாமர்த்தியம். முதலில் வந்த ‘லவ் கெட்ஸ் மீ எவ்ரி டைம்’ ஃபிடில் துள்ளும் பாட்டு; கண்ட்ரி வானொலிக்கென்றே அனுப்பப்பட்டு அங்கே முதலிடம் பிடித்தது. சொந்த ரசிகர்களை உறுதிப்படுத்திக்கொண்ட பிறகு, மூன்றாவதாக ‘யூ ஆர் ஸ்டில் தி ஒன்’ வந்தது. மென்மையான அந்தக் காதல் பாட்டு அமெரிக்காவின் பொதுவான தனிப்பாடல் பட்டியலில் இரண்டாம் இடத்துக்கு உயர்ந்து, பாப் வானொலியின் கதவைத் திறந்தது. பிரிட்டனில் இந்த ஆல்பம் முதலிடத்துக்கு வந்ததே 1999-இல்தான். வெளியாகி இரண்டாண்டு ஆகப்போகும் ஆல்பம் புதிய நாட்டில் உச்சிக்கு ஏறுவது அரிது.

ஒரு பாட்டு, இரண்டு கலவை

எனக்கு இந்த ஆல்பத்தின் மீதுள்ள பெரும் மதிப்புக்குக் காரணம் இதுதான். 1998-இல் வெளிநாடுகளுக்காகத் தனிப் பதிப்பு ஒன்று தயாரானது. குரலை ஏறக்குறைய அப்படியே வைத்துக்கொண்டு பின்னணியை மாற்றினார்கள். கண்ட்ரி இசையின் அடையாளமான பெடல் ஸ்டீல் கிட்டாரும் ஃபிடிலும் பின்வாங்கின. சின்தசைசரும் கனத்த தாளமும் முன்னே வந்தன.

இரண்டு பதிப்புகளையும் அடுத்தடுத்துக் கேட்டால் ஓர் உண்மை புலப்படும். மெட்டு அசையவில்லை, பல்லவி தளரவில்லை. ஸ்டீல் கிட்டாரின் இழைவை எடுத்துவிட்டால் விழுந்துவிடுகிற பாட்டு என்றால், அதை அந்த வாத்தியம்தான் தாங்கிக்கொண்டிருந்தது என்று பொருள். இந்தப் பாடல்கள் விழவில்லை. எலும்புக்கூடு வலுவாக இருந்ததால்தான் எந்த உடையும் பொருந்தியது.

இதே முறையை 2002-இல் ‘அப்!’ ஆல்பத்தில் இன்னும் தூரம் கொண்டுபோனார்கள். ஒரே பாடல்களுக்குப் பாப், கண்ட்ரி, இந்தியத் திரையிசைச் சாயல் என மூன்று வடிவங்கள்.

குரல் தந்த வெற்றி

தொண்ணூறுகள் விட்னி ஹூஸ்டனும் செலின் டியானும் உச்சஸ்தாயியில் கோலோச்சிய காலம். ஷனாயா அந்தப் போட்டிக்கே போகவில்லை. மத்திய ஸ்தாயியில், பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோலப் பாடினார். ‘தட் டோன்ட் இம்ப்ரெஸ் மீ மச்’ பாட்டில் பெருமையடிக்கும் ஆண்களைப் பாதி பேச்சும் பாதி பாட்டுமாக நிராகரிக்கும் இடம் அவரது நேர உணர்வுக்குச் சான்று. எந்தச் சொல்லை இழுப்பது, எதை வெட்டுவது என்ற தெளிவு பெரிய சங்கதிகளைவிடக் கடினமானது. பல்லவிகளில் லாங் அடுக்கடுக்காகச் சேர்த்த பின்னணிக் குரல்கள் அந்த இயல்பான குரலை ஸ்டேடியம் அளவுக்குப் பெரிதாக்கின.

சறுக்கிய இடங்கள்

குறைகளும் உண்டு. பதினாறு பாடல்கள் அதிகம். வேகப் பாடல்களில் ஒரே வார்ப்பு திரும்பத் திரும்ப வருகிறது: கிட்டாரின் சிறு துணுக்கு, கைத்தட்டல் தாளம், கூட்டமாக முழங்கும் பல்லவி. நடுப்பகுதியில் சில பாடல்களைப் பிரித்தறிவதே சிரமம். குடும்ப வன்முறையிலிருந்து வெளியேறும் பெண்ணைப் பற்றிய ‘பிளாக் ஐஸ், ப்ளூ டியர்ஸ்’ துணிச்சலான தேர்வு. ஆனால் அதன் வலியை மெருகேற்றிய கிட்டார்கள் மூடிவிடுகின்றன. அங்கே மட்டுமாவது லாங் கையைக் கட்டிக்கொண்டு இருந்திருக்க வேண்டும்.

தீர்ப்பு

நான்கு கிராமி விருதுகள் இந்த ஆல்பத்தின் பாடல்களுக்குக் கிடைத்தன. நான்குமே கண்ட்ரி பிரிவில். அந்த இசையின் ஆல்பம் பட்டியலில் 50 வாரங்கள் முதலிடத்திலும் இருந்தது. எனவே, ஷனாயா பாப் சந்தைக்காகக் கண்ட்ரி இசையை விட்டுக்கொடுத்தார் என்ற பழைய குற்றச்சாட்டை நான் ஏற்கவில்லை. பின்னாளில் டெய்லர் ஸ்விஃப்ட் 2014-இல் ‘1989’ ஆல்பத்தை முழுமையான பாப் என்று அறிவித்துவிட்டுக் கண்ட்ரி இசையிலிருந்து இடம் மாறினார். அது ஒரு வழி. ஷனாயாவுடையது அதைவிடக் கடினமான வழி. பழைய ரசிகரையும் புதிய ரசிகரையும் ஒரே மெட்டில் கட்டிவைக்க, பாட்டு எழுதும் மேசையிலேயே பாதி வெற்றியை உறுதிசெய்தாக வேண்டும். இசை எல்லைகளைத் தாண்ட நினைக்கும் இளம் கலைஞர்கள் ஒலிக்கலவையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் ஒற்றைக் கிட்டாரோடு நிற்கும் பாட்டை எழுதட்டும்.