கரையோடு நின்றுவிடும் கேமரா

தென்மாவட்டத்துக் கதை என்று எந்தப் படம் வந்தாலும் அதன் விமர்சனங்களில் முதல் பத்தியிலேயே ஒரு பாராட்டு வந்து உட்கார்ந்துகொள்கிறது: மண் சார்ந்த படம். வட்டார வழக்கு காதில் விழ வேண்டும், கொடை விழாவில் யாராவது சாமியாட வேண்டும், பனங்காட்டில் அரிவாள் மின்ன வேண்டும்; சான்றிதழ் தயார். அண்மை ஆண்டுகளில் தூத்துக்குடி மாவட்டத்தைக் களமாகக் கொண்டு வந்த படங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் இந்தச் சான்றிதழின் மலிவு புரியும். 2021-ல் 'கர்ணன்', 2024-ல் 'வாழை', 2025-ல் 'பைசன் காளமாடன்' ஆகிய மூன்றும் மாரி செல்வராஜின் படங்கள். தாமிரபரணிப் பாசனத்திலும் அதைத் தாண்டிய மானாவாரிக் காட்டிலும் நடப்பவை. இந்த வரிசையில் கடலோரத்துக்குப் போனது 2025 மார்ச்சில் வந்த 'கிங்ஸ்டன்' மட்டுமே. ஆனால் இந்த மாவட்டத்தின் கிழக்கு எல்லை முழுவதும் கடல். ஆண்டுக்கு 4 கோடி டன்னுக்கு மேல் சரக்கைக் கையாளும் வ.உ.சி. துறைமுகம், குஜராத்துக்கு அடுத்தபடி நாட்டுக்கு உப்புத் தரும் அளங்கள், விசைப்படகும் நாட்டுப்படகும், சங்கு குளிப்பவர்கள், மாலத்தீவுக்குச் சரக்கேற்றிப் போன தோணிகள் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. ஒரு படம் ஓர் ஊரை அறிந்திருக்கிறதா என்று சொல்ல வழக்கும் முகச்சாயலும் போதாது. அங்கே மனிதர்கள் கூலிக்கு என்ன செய்கிறார்கள், கூலியை யார் தீர்மானிக்கிறார்கள், உடம்பு எங்கே நோகிறது என்பவை கதையை நகர்த்துகின்றனவா என்று கேட்க வேண்டும். அப்படிக் கேட்டால் ஆற்றங்கரைப் படங்களில் ஒன்று முழுதாகத் தேறுகிறது. கடற்கரைப் படங்களில் பெரும்பாலானவை தேறவில்லை.

இது இன்றைய குறை மட்டுமல்ல. 1961-ல் பி.ஆர். பந்துலு 'கப்பலோட்டிய தமிழன்' எடுத்தார். 1906-ல் வ.உ.சி. தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனி அதன் மையம். வ.உ.சி.யின் அரசியலில் கப்பலுக்கு இணையான இடம் 1908 கோரல் மில் வேலைநிறுத்தத்துக்கும் உண்டு. ஆயினும் மக்கள் நினைவில் அந்தப் படம் விட்டுச்சென்றவை கப்பலும் சிறையில் அவர் இழுத்த செக்கும்தான். அதே 1961-ல்தான் தூத்துக்குடியின் கடைசி முத்துக்குளிப்பும் நடந்தது. கடலடிப் பார்களில் சிப்பி அருகி, சலாபம் என்று அரசு நடத்திவந்த முத்துக்குளிப்பு நின்றுபோனது. ஆறு ஆண்டுகள் கழித்து, 1967-ல் வந்த 'அனுபவி ராஜா அனுபவி'யில் நாகேஷ் தூத்துக்குடித் தமிழில் முத்துக்குளிக்கக் கூப்பிடும் பாட்டு தமிழ்நாடெங்கும் ஒலித்தது. தொழில் முடிந்த பிறகு அது பாட்டானது. அருமையான பாட்டு, அதில் மறுப்பில்லை. ஆனால் மூச்சடக்கி இறங்குபவனையும் மேலே கயிற்றைப் பிடித்திருக்கும் மண்டாடியையும் சிப்பியில் யாருக்கு எத்தனை பங்கு என்ற கணக்கையும் திரை காணவேயில்லை.

துறைமுகத்துக்குக் கிடைத்த வேடம் இன்னும் சுருக்கமானது. 1974-ல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்ட இடம், தமிழ் சினிமாவுக்குள் கடத்தல்காரனின் வாசலாகத்தான் நுழைந்தது. ஊர்ப்பெயரையே தலைப்பாக வைத்து 2006-ல் வந்த 'தூத்துக்குடி' அடியாள் கதை. ஹரியின் 'சிங்கம்' (2010) முடியும்போது போலீஸ் நாயகன் துரைசிங்கத்துக்கு ஒரு ரகசியப் பணி தரப்படுகிறது: தூத்துக்குடித் துறைமுகம் வழியாக நடக்கும் ஆயுதக் கடத்தலைக் கண்காணிப்பது. 2013-ல் இரண்டாம் பாகம் வந்தபோது ஆயுதம் போதைப்பொருளாகியிருந்தது. கடலில் கப்பல், கப்பலில் வெளிநாட்டு வில்லன். வேகத்துக்காகவே பார்க்கக்கூடிய படங்கள் இவை. என்றாலும் ஒரு பெரிய துறைமுகத்தில் நிலக்கரியும் காற்றாலை இறக்கைகளும் ஏறி இறங்கும் இரைச்சலுக்கு நடுவில் ஒரு சுமைதொழிலாளியின் முகம்கூட நமக்குப் பெயரோடு தெரியவில்லை. துறைமுகம் என்றால் குற்றம் என்ற சமன்பாடு எவ்வளவு பழகிவிட்டது என்பதற்கு, 2025 தீபாவளிக்குப் 'பைசன்' வந்த அதே நாளில் வெளியான 'டீசல்' மற்றொரு சாட்சி. அங்கே களம் வடசென்னை, பொருள் கச்சா எண்ணெய். மீனவர் வாழ்வு மறுபடியும் கடத்தல் கதைக்குள்தான் வந்து சேர்கிறது.

கடலோரத்தைக் கருத்தோடு அணுக முயன்ற மூன்று படங்கள் சில மாதங்களுக்குள் வந்தன. 2012 இறுதியில் சீனு ராமசாமியின் 'நீர்ப்பறவை', 2013 பிப்ரவரியில் மணிரத்னத்தின் 'கடல்', அந்த ஆண்டே பரத்பாலாவின் 'மரியான்'. முதல் இரண்டும் மணப்பாட்டில் படமானவை. மூன்றாவது குமரிக் கடற்கரையைச் சொல்வது. 'கடல்' கண்ணுக்கு விருந்து. ராஜீவ் மேனனின் ஒளிப்பதிவில் மணல்மேடும் சிலுவையும் நீரும் இன்றும் நினைவில் நிற்கின்றன. அங்கே கடல் பாவத்துக்கும் மீட்புக்குமான மேடை; பாதிரியார் சாமும் பெர்க்மான்ஸும் தாமஸின் ஆன்மாவுக்காக மோதுகிறார்கள். தாமஸ் கடல் தொழில் கற்பது பெரும்பாலும் ஒரு பாட்டுக்குள் முடிந்துவிடுகிறது. 'மரியா'னில் கடன் கதையை நகர்த்துகிறது என்பது உண்மை. காதலியின் குடும்பக் கடனைத் தீர்க்கத்தான் மரியான் சூடானுக்குப் போகிறான். ஆனால் போன பிறகு படம் அவன் விட்டுவந்த கரையை மறந்து பாலைவனத்துச் சாகசமாகிவிடுகிறது. மூன்றில் குறைவாகப் பேசப்பட்ட 'நீர்ப்பறவை'தான் என் அளவுகோலுக்கு அருகில் வருகிறது. கடலில் கண்டெடுக்கப்பட்டு வளர்ந்த அருளப்பசாமிக்கு, அவன் பிறவி மீனவன் அல்ல என்பதால், தொழில் செய்ய உரிமையில்லை என்கிறது ஊர். படகு கட்டித் தருபவரைத் தேடிப்போவதும் கூலியாக நின்று தனக்கென ஒரு படகு சேர்ப்பதும்தான் அந்தப் படத்தின் நல்ல பகுதிகள். பிற்பாதியில் இலங்கைக் கடற்படையின் குண்டு கதையை எடுத்துக்கொள்கிறது. அது நடந்த கொடுமை, சொல்லப்பட வேண்டியதும்கூட. இருந்தும், யார் கடலுக்குப் போகலாம் என்று ஊருக்குள் எழுந்த கேள்வி அந்த வெடிச்சத்தத்தில் அமுங்கிப்போனது.

இந்த மூன்று படங்களின் பெயர்ப்பட்டியலில் ஒரு விநோதம் உண்டு. 'கடல்' ஜெயமோகனின் கதை. 'நீர்ப்பறவை'யிலும் அவர் வசனத்தில் பங்கேற்றார். 'மரியா'னுக்கு வசனம் எழுதியவர்களில் ஒருவர் ஜோ டி குரூஸ். தூத்துக்குடித் துறையையும் அதன் பரதவரையும் தலைமுறைகள் கடந்து சொல்லும் 'கொற்கை'க்காக 2013-ல் சாகித்ய அகாதமி விருது பெற்ற அதே ஜோ டி குரூஸ். அவரது நாவலில் காற்றின் பெயர்கள், பாய் மாற்றும் நேரம், தோணி முதலாளிக்கும் தோணியை ஓட்டும் தண்டலுக்கும் இடையிலான கணக்கு எல்லாம் நிகழ்ச்சிகளைத் தீர்மானிக்கின்றன. அதற்கு முன்பே வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்' மணப்பாட்டில் வல்லம் என்ற நாட்டுப்படகுக்காரர்களுக்கும் லாஞ்சி என்ற விசைப்படகுக்காரர்களுக்கும் மூண்ட பகையைச் சொல்லிவிட்டது. ராஜம் கிருஷ்ணன் 'கரிப்பு மணிக'ளில் தூத்துக்குடி உப்பளத்துப் பெண்களின் கொப்புளம் வெடித்த கால்களை எழுதிவிட்டார். ஆக, கதைப்பொருள் கிடைக்கவில்லை என்ற சாக்குக்கு இடமில்லை. சினிமா எழுத்தாளரிடம் பேச்சுவழக்கை வாங்கிக்கொண்டது. அவருடைய புத்தகத்தில் இருந்த தொழிலை வாங்கவில்லை.

'கிங்ஸ்டன்' இந்தப் போக்கின் விசித்திரமான உச்சம். தூவத்தூர் என்ற கற்பனைக் கடலோர ஊர். சாபத்தால் யாரும் கடலுக்குள் போக முடியாது. போனால் பிணமாகத்தான் திரும்புவார்கள். ஆகவே ஊர் இளைஞர்கள் ஒரு முதலாளியின் கையை நம்பியிருக்கிறார்கள். கமல் பிரகாஷின் இந்தக் கருவில் ஒரு கூர்மையான உண்மை ஒளிந்திருக்கிறது: கடல் மூடப்பட்டால் கரையில் யார் எஜமானனாவார்? அரைமணி நேரம் படம் அந்தக் கேள்வியின் பக்கத்தில் நடக்கிறது. பிறகு ஜி.வி. பிரகாஷ் படகேறியதும் பேய்களும் கணினி வரைகலையும் வந்து மூடிக்கொள்கின்றன. மாயக்கதை சொன்னது பிழையில்லை. மாயக்கதைக்கும் உள்ளூர்ச் சட்டம் வேண்டும், அதுதான் இங்கே இல்லை. மன்னார் வளைகுடாவில் பார் எங்கே, நீரோட்டம் எங்கே, எந்தக் காற்றில் எந்தப் படகு தாங்கும் என்பது தெரிந்த ஊரின் பேய், அந்த அறிவை வைத்தல்லவா பயமுறுத்த வேண்டும்? இந்தக் கடல் எந்தக் கடலாகவும் இருக்கலாம்.

இதற்கு நேரெதிராக 'வாழை'யைப் பாருங்கள். 1990-களின் இறுதியில் ஸ்ரீவைகுண்டம் பகுதியில் வாழைத்தார் சுமக்கும் மக்கள்; பள்ளி விடுமுறையிலும் அம்மாவோடும் அக்காவோடும் சுமைக்குப் போக வேண்டிய சிவனணைந்தான். தார் சுமப்பது இங்கே பின்னணி அலங்காரமில்லை. சேற்றில் கால் புதைவது, கழுத்தில் முள் இறங்கியதுபோல வலிப்பது, மறுநாள் விடியும் முன்பே வயிற்றைப் பிசையும் பயம், எல்லாவற்றையும் கேமரா பொறுமையாகப் பார்க்கிறது. அதைவிட முக்கியம், கதையின் முடிச்சு கூலியில் விழுகிறது. தார் ஒன்றுக்கு ஒரு ரூபாய் கூட்டிக் கேட்கிறார்கள், கிடைக்கிறது. கொடுத்ததை வேறு வழியில் மிச்சம்பிடிக்க நினைக்கும் வியாபாரக் கணக்கு, ஆட்களையும் தார்களையும் ஒரே லாரியில் ஏற்றுகிறது. 1999-ல் நடந்த உண்மை விபத்தின் நிழல் அங்கிருந்து படத்தின் மேல் படர்கிறது. எந்த வில்லனும் அரிவாள் தூக்கவில்லை. ஒரு ரூபாய் மட்டும் கை மாறியிருக்கிறது. சாவு வீட்டில் பசி தாங்காமல் பையன் சோற்றில் கைவைக்கும் காட்சி, அண்மைத் தமிழ் சினிமாவில் துக்கத்தைப் பற்றி எடுக்கப்பட்டவற்றில் மிகக் கடுமையானது. துக்கம் மற்றதெல்லாவற்றையும் நிறுத்திவைக்கும் என்ற நம் திரைப்பழக்கத்தை வயிறு அங்கே மீறுகிறது. படத்தில் குறை இல்லாமலில்லை. டீச்சர் மீதான ஈர்ப்பு தேவைக்கு மேல் நீள்கிறது. கடைசிக் கால்மணி நேரம் இசை நம் அழுகையைத் தானே அழுதுவிடுகிறது. படம் வந்தவுடன் நடந்த விவாதமும் வேறு பக்கம் போய்விட்டது. உருளைக்குடி எழுத்தாளர் சோ. தர்மன் தன் 'வாழையடி' கதையோடு ஒற்றுமை இருப்பதைச் சுட்டினார். கதை யாருடையது என்று வாரக்கணக்கில் பேசினோம். ஒரே வட்டாரத்தில் இருவர் தனித்தனியே அதே சுமையை எழுத நேர்ந்தது ஏன் என்ற கேள்வி, விவாதத்தில் வலுவாக எழவேயில்லை.

இங்கே ஒரு வலுவான மறுப்பு வரும். உழைப்பை அளவுகோலாக்குவது, சாதியைப் பேசும் படங்களைவிடச் சாதியைச் சத்தமில்லாமல் வைத்த படத்தை உயர்த்தும் தந்திரமாகாதா? 'கர்ணன்' உறுத்துகிறது, 'வாழை' உருக்குகிறது. விமர்சகனுக்கு உருகுவது வசதி. இந்தச் சந்தேகம் நியாயமானது. அப்படி ஒரு வசதி 'வாழை'க்குக் கிடைத்த வரவேற்பில் கொஞ்சம் இருந்ததும் உண்மை. ஆனால் 'வாழை'யில் சாதி இல்லாமலில்லை. யார் சுமக்கிறார்கள், யார் எண்ணுகிறார்கள் என்ற பிரிவினையிலேயே அது உட்கார்ந்திருக்கிறது. 'கர்ண'னின் ஆகச்சிறந்த கண்டுபிடிப்பும் பிழைப்போடு ஒட்டியதுதான்: பொடியன்குளத்தில் பேருந்து நிற்காது. பேருந்து நிற்காத ஊருக்குக் கல்லூரி இல்லை, ஆஸ்பத்திரி இல்லை, வேலையும் இல்லை. அந்தப் படம் நினைவூட்டும் 1995 கொடியன்குளம் காவல்துறைத் தாக்குதலில், வளைகுடா நாடுகளில் உழைத்து அனுப்பிய பணத்தில் சேர்ந்த பொருள்கள்தான் குறிவைத்து நொறுக்கப்பட்டன என்பதை மறக்க வேண்டாம். படம் வந்த பிறகு சர்ச்சை திரையில் காட்டிய ஆண்டைப் பற்றியதாகச் சுருங்கி, 1997 என்பது 90-களின் பிற்பகுதி என்று மாற்றப்பட்டது. 'பைச'னில் எனக்குள்ள மனக்குறை வேறு. கபடி வீரர் மணத்தி கணேசனின் வாழ்க்கையைத் தழுவிய கதையில் பசுபதி நடித்த தந்தையின் பயம் அசலானது. ஆனால் தென்மாவட்டத்தில் கபடி என்பது மில் அணி, மின்வாரிய அணி, காவல்துறை அணி என்று சம்பளத்துக்குப் போகும் பாதையும்கூட. அந்தப் பாதையின் படிகளைக் காட்டத் தொடங்கும் படம், இரு தலைவர்களின் பகை வந்ததும் அவர்கள் பின்னால் நெடுநேரம் போய்விடுகிறது.

இன்னொரு மறுப்பு தயாரிப்பாளர்களுடையது. கடலில் படமெடுப்பது செலவு, துறைமுகத்துக்குள் அனுமதி எளிதில்லை, 'கடலு'ம் 'மரியா'னும் வசூலில் ஏமாற்றின, மக்களுக்குச் சமூகவியல் பாடம் வேண்டாம். வசூலைப் பற்றி: பெரிய நட்சத்திரம் இல்லாத 'வாழை' நன்றாகவே ஓடியது. செலவைப் பற்றி: மீன் ஏலமும் அளமும் சங்குக் கிடங்கும் கரையில்தான் இருக்கின்றன. பாடத்தைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 1948-ல் இத்தாலிய இயக்குநர் விஸ்கோந்தி, சிசிலித் தீவின் ஆச்சி த்ரெட்சா என்ற மீனவ ஊரில், அந்த ஊர்க்காரர்களையே நடிக்கவைத்து 'லா தெர்ரா த்ரெமா' எடுத்தார். மொத்த வியாபாரிகளிடமிருந்து விடுபட ஒரு குடும்பம் வீட்டை அடமானம் வைத்துச் சொந்தமாகத் தொழில் தொடங்குகிறது. ஒரு புயலில் படகு போகிறது. பிறகு அதே வியாபாரிகளிடம் கைகட்டி நிற்க வேண்டியிருக்கிறது. அதில் புயல் பயங்கரமாக இருப்பதற்குக் காரணம் அலையின் உயரமில்லை, அடமானப் பத்திரம். படகு யார் பெயரில் இருக்கிறது என்று தெரிந்த பார்வையாளருக்கு ஒவ்வொரு மேகமும் பதற்றம். 'வாழை'யில் லாரி கிளம்பும்போது நெஞ்சு இறுகுவதும் அதே காரணத்தால்தான். உழைப்பின் கணக்கைச் சொல்வது நாடகத்தைக் கெடுக்கும் என்பவர்கள், இந்த இரண்டு படங்களிலும் நாடகம் எங்கிருந்து வருகிறது என்று சொல்ல வேண்டும்.

தூத்துக்குடியிலும் அப்படியொரு கணக்கு இருக்கிறது. மழையை எடுத்துக்கொள்வோம். தமிழ்ப் படத்தில் மழை வந்தால் பெரும்பாலும் காதல் வரும், அல்லது சண்டை. தூத்துக்குடி அளத்தில் மழை என்றால் வேலை இல்லை என்று பொருள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை உற்பத்தி நின்று கூலி நின்றுபோகும் மாதங்கள். அந்தக் காலத்துக்காகவே உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு 5,000 ரூபாய் நிவாரணம் தரும் திட்டத்தை 2022-ல் தமிழ்நாடு அரசு தொடங்கியது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டரைத் தாண்டிப் பெய்தபோது அளங்களில் குவித்திருந்த உப்பு கரைந்தது, பாத்திகள் உடைந்தன. பாத்தியை மறுபடி மிதித்துக் கெட்டிப்படுத்தி, உப்பு விளைந்து, முதல் கூலி கைக்கு வர எத்தனை வாரம் ஆகும், அதுவரை அட்வான்ஸ் கொடுத்த கங்காணிக்கு யார் எவ்வளவு கடன்பட்டிருப்பார்கள் என்பதில் ஒரு முழுநீளப் படத்துக்கான திரைக்கதை இருக்கிறது. அதை எடுக்க ஆழ்கடலுக்குப் போக வேண்டாம், துறைமுக வாசலில் அனுமதிச் சீட்டும் வேண்டாம்.