கடற்கரையின் கதாநாயகன்

சட்டப் புத்தகத்தில் நாவலாசிரியனுக்கு என்ன வேலை என்று வாசகர் கேட்கலாம். வேலை இருக்கிறது என்பதுதான் என் அபிப்பிராயம். சட்டமும் ஒருவகையில் கற்பனையின் காரியமே. அதை எழுதுகிறவர் மனத்தில் யாரோ ஒரு மனிதர் நிற்கிறார். அவர் எங்கே நடப்பார், எதைக் கெடுப்பார், எதற்கு ஆசைப்படுவார் என்றெல்லாம் நினைத்துப் பார்த்துத்தான் ஷரத்துக்களை எழுதுகிறார்கள். ஒரு நாவலைப் படிக்கும்போது, ஆசிரியர் யாருடைய மனத்துக்குள் புகுந்து பார்த்திருக்கிறார், யாரை வெறும் கூட்டமாக நிறுத்திவிட்டார் என்று கவனிக்கிறோம் அல்லவா? நம் கடற்கரைகளைக் காக்க ஏற்பட்ட விதிகளையும் அதே கண்ணோடு படித்துப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது.

படித்தால் ஒரு விஷயம் சீக்கிரமே தெரிந்துவிடும். இந்த விதிகளின் கதாநாயகன், மாலையில் காற்று வாங்க வருகிறவர். அவர் நல்லவர்தான், நீங்களும் நானும்தான் அவர். அவருக்குச் சுத்தமான மணல் வேண்டும், மறைக்காத கடல் வேண்டும், உட்கார ஓர் இடம் வேண்டும். இவற்றில் தவறு ஏதும் இல்லை. ஆனால் கடற்கரையில் அவர் ஒருவர் மட்டுமா இருக்கிறார்?

மெரினாவை எடுத்துக்கொள்வோம். அது தொன்றுதொட்டு இன்றிருக்கும் அகலத்தில் இருந்ததாகப் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உண்மை அப்படி இல்லை. சென்னைக்குச் செயற்கைத் துறைமுகம் அமைக்கும் வேலை 1876இல் தொடங்கியது. 1881இல் அடித்த புயலில் சுவர்கள் பெரிதும் சிதைந்தன, மறுபடியும் கட்டினார்கள். நம் கிழக்குக் கரையில் மணல் ஓர் இடத்தில் நிற்பதில்லை. தென்மேற்குப் பருவக் காலத்தில் அலைகள் சாய்வாக வந்து மோதி மணலை வடக்கே தள்ளுகின்றன. வடகிழக்குப் பருவத்தில் கொஞ்ச காலம் அது தெற்கே திரும்புகிறது. வருஷம் முழுவதையும் கூட்டிக் கழித்தால் வடக்கே போவதுதான் மிச்சம். இந்தப் போக்கின் குறுக்கே துறைமுகச் சுவர் நீட்டிக்கொண்டு நின்றது. தெற்கிலிருந்து வந்த மணல் அங்கே தடைபட்டுத் தேங்கியது. கரை அகன்றது. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்க 1842இல் கட்டிய ஐஸ் ஹவுஸிலிருந்து இன்று அலையில் கால் நனைக்க வேண்டுமானால் கணிசமான தூரம் நடக்க வேண்டியிருக்கிறது.

1881 முதல் 1886 வரை கவர்னராக இருந்த கிராண்ட் டஃப் இந்தக் கரையில் உலாவும் பாதை அமைத்து, சிஸிலித் தீவின் நினைவாக அதற்கு மெரினா என்று பெயரிட்டார். பெயரே வெளியூர்க்காரரின் உல்லாச நினைவிலிருந்து வந்ததுதான். இந்தக் கதையைச் சொல்லுகிறவர்கள் பெரும்பாலும் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள்.

இதில் இரண்டாம் பாகம் ஒன்று உண்டு. தெற்கே தேங்கிய மணல் வடக்கே போயிருக்க வேண்டிய மணல். அது வராததால் ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர்ப் பக்கங்களில் கடல் கரையைத் தின்றது. தெருக்கள் போயின, வீடுகள் போயின. மேலும் போகாமலிருக்கக் கருங்கல்லைக் கொண்டுவந்து கொட்டினார்கள். இன்றும் அந்தப் பக்கத்தில் பல இடங்களில் கடலுக்கும் ஜனங்களுக்கும் நடுவே கிடப்பது மணல் அல்ல, கல். கல்லின்மேல் வலை உலர்த்துவதும் படகு ஏற்றுவதும் எவ்வளவு சுலபம் என்பதைச் சொல்லத் தேவையில்லை. தென்சென்னை சுண்டல் சாப்பிட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மணலுக்கு வடசென்னை விலை கொடுத்திருக்கிறது. ஆனால் எந்தக் கணக்குப் புத்தகத்திலும் அந்தப் பற்று எழுதப்படவில்லை.

இனி விதிகளுக்கு வருவோம். 1981இல் பிரதமர் இந்திரா காந்தி கடலோர மாநிலங்களின் முதலமைச்சர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். அலை ஏறும் எல்லையிலிருந்து 500 மீட்டர் வரை கரையைக் கட்டடங்கள் இல்லாமல் காக்க வேண்டும் என்பது அதன் சாரம். பத்து வருஷம் கழித்து, 1991 பிப்ரவரியில், கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை வெளிவந்தது. அதன் பெருமையைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. அது மட்டும் இல்லாதிருந்தால் நம் கரை நெடுகப் பணக்காரர்களின் மதில்சுவரைத்தான் பார்த்துக்கொண்டு போயிருப்போம். கடற்கரை பொதுச்சொத்து என்ற எண்ணத்துக்கே அது ஓர் உருவம் கொடுத்தது.

ஆனால் அதை ஒரு நூலாகப் படிக்கும்போது இரண்டு குறைகள் தெரிகின்றன.

முதற் குறை, அது கோட்டை நம்புகிறது. உயர் ஓத நாட்களில் அலை எட்டும் மேல் எல்லையை ஒரு கோடாக வரைந்து, அதிலிருந்து 200 மீட்டர், 500 மீட்டர் என்று அளந்துகொண்டு போகிறது. கடலோ கோட்டில் நிற்பதில்லை. அரித்துக்கொண்டிருக்கும் ஊரில் நேற்று 200 மீட்டருக்கு அப்பால் இருந்த வீடு சில வருஷங்களில் தானாகவே உள்ளே வந்துவிடும். வீட்டுக்காரர் ஓர் அடிகூட நகரவில்லை. குற்றம் மட்டும் அவரைத் தேடிக்கொண்டு வருகிறது. ஊர்களுக்குள்ளே நிலைமை வேறு. அங்கே, ஏற்கெனவே உள்ள சாலைக்கு நிலப்புறமாகக் கட்டலாம் என்பது விதி. ஆக, நகரத்தில் கரையின் எல்லையைக் கடல் தீர்மானிப்பதில்லை. என்றோ யாரோ போட்ட தார்ச்சாலை தீர்மானிக்கிறது.

இரண்டாவது குறை இன்னும் பெரியது. கரையின்மேல் உட்காருகிறவற்றை இந்த விதிகள் கூர்ந்து பார்க்கின்றன. கரையையே நகர்த்துகிறவற்றை அவ்வளவு கூர்ந்து பார்ப்பதில்லை. துறைமுகமும் அலைத்தடுப்புச் சுவரும் கடலோரத்தில்தான் இருந்தாக வேண்டும் என்பதால், அனுமதி பெற்றுக் கட்டிக்கொள்ள இடம் உண்டு. நியாயம்தான், துறைமுகத்தை மலையில் கட்ட முடியாது. ஆனால் மணலில் ஒரு குடிசை இருப்பதற்கும், மணலின் வழியையே அடைத்துவிடுவதற்கும் உள்ள வித்தியாசம் இந்த எழுத்தில் போதுமான அளவு உறைக்கவில்லை. பாத்திரங்களின் சில்லறைத் தப்புகளை விலாவாரியாக எழுதிவிட்டு, ஊரையே புரட்டிப் போட்ட சம்பவத்தை ஒரே வாக்கியத்தில் கடந்துபோகிற நாவலை நாம் என்ன சொல்லுவோம்?

புதுச்சேரியில் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம். 1980களின் பிற்பகுதியில் அங்கே துறைமுகத்துக்காக இரண்டு தடுப்புச் சுவர்கள் எழுந்தன. சென்னையில் நடந்ததே அங்கும் நடந்தது. நகரத்துக்கு முன்னால் இருந்த மணல் போய், பெயர்பெற்ற அந்த உலாவும் சாலையின் கீழே கருங்கல் வந்தது. அரிப்பு அதோடு நிற்கவில்லை. வடக்கே, தமிழ்நாட்டைச் சேர்ந்த கோட்டக்குப்பம், சின்னமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் என்று மீனவ ஊர்களைத் தொட்டது. மணலுக்கு மாநில எல்லை தெரியாது. விதிக்கும் இலாகாவுக்கும் அது நன்றாகத் தெரியும். ஓர் ஊர் தன்னைக் காத்துக்கொள்ளக் கல் கொட்டினால் அடுத்த ஊர் தவிக்கிறது. பின்பு அதுவும் கல் கேட்கிறது. 2018இல் புதுச்சேரி நகரத்துக்கு முன்னால் கடலுக்கடியில் ஒரு செயற்கைத் திட்டு அமைத்தார்கள். கொஞ்சம் மணல் திரும்பி வந்தது. மகிழ வேண்டிய செய்திதான். ஆனால் மணல் முதலில் திரும்பியது உலாவ வருகிறவர்களின் காலடிக்குத்தான் என்பதையும் கவனிக்கத்தான் வேண்டியிருக்கிறது.

மீனவரை இந்த எழுத்துக்கள் அடியோடு மறந்துவிட்டன என்று சொன்னால் அது அநியாயம். 2011ஆம் வருஷ அறிவிக்கை அவர்களுடைய ஜீவனத்தைக் காப்பதைத் தன் நோக்கங்களில் ஒன்றாக முகவுரையிலேயே சொல்லுகிறது. அவர்கள் வீடு கட்டிக்கொள்ளச் சில சலுகைகளும் தருகிறது. ஆனால் முகவுரையில் கௌரவமாக உட்கார்த்தி வைத்த பாத்திரம், கதை நடக்கும்போது எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும்.

1985ஆம் வருஷக் கடைசியில், மெரினாவை அழகுபடுத்துவதற்காக அங்கிருந்த கட்டுமரங்களையும் வலைகளையும் அப்புறப்படுத்த மாநில சர்க்கார் முற்பட்டது. மோதல் மூண்டது. போலீஸ் துப்பாக்கிப் பிரயோகத்தில் மீனவர்கள் உயிரிழந்தார்கள். கட்டுமரம் கிடந்தால் கரை அழகில்லை என்று யாருடைய கண் தீர்மானித்தது?

2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தது. அடுத்த மார்ச்சில் தமிழக அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. 200 மீட்டருக்குள் இருந்தவர்கள் அப்பால் போனால் புது வீடு உண்டு. ஆனால் பழைய மனையை விட்டுக்கொடுக்க வேண்டும். போக மாட்டோம் என்பவர்கள் சொந்தச் செலவில் பழுது பார்த்துக்கொள்ளலாம். உயிரைக் காக்கும் நோக்கம் அதில் இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆயினும் வீட்டு வாசலில் நின்று கடலின் நிறத்தையும் காற்றையும் பார்த்து அன்றைய பிழைப்பைத் தீர்மானிக்கிற குடும்பத்துக்கு 200 மீட்டர் என்பது வெறும் தூரமல்ல. வீட்டை இழந்து நிற்கிறவரிடம் வீட்டையும் கரையையும் தராசின் இரண்டு தட்டிலும் வைத்துக் காட்டி ஒன்றை எடுத்துக்கொள் என்பது சுலபமான பேரம் அல்ல.

2023 ஏப்ரலில் சென்னை உயர்நீதிமன்றம் தானாகவே எடுத்துக்கொண்ட ஒரு வழக்கையொட்டி, பட்டினப்பாக்கம் லூப் சாலையோரத்து மீன் கடைகளை மாநகராட்சி அகற்றத் தொடங்கியது. மீனவர்கள் மறியல் செய்தார்கள். 2024இல் நொச்சிக்குப்பத்தில் அவர்களுக்குப் புதிய மீன் அங்காடி ஒன்று திறக்கப்பட்டது. அந்த அளவில் நல்ல முடிவே. ஆனால் வழக்கு பேசிய பாஷையைக் கவனியுங்கள்: போக்குவரத்துக்கு இடைஞ்சல், ஆக்கிரமிப்பு. சாலை வருவதற்கு வெகுகாலம் முன்பே குப்பம் அங்கே இருக்கிறது. முன்பே இருந்தவர் ஆக்கிரமிப்பாளர் ஆவதும், பின்னால் வந்த சாலை உரிமைக்காரர் ஆவதும், சொல்லைத் தேர்ந்தெடுப்பதிலேயே நடந்து முடிந்துவிடுகிறது. சொற்களோடு பிழைப்பு நடத்துகிறவனுக்கு இது கண்ணில் படாமல் போகாது.

அப்படியானால் கரையை மீனவர்கள் கையிலேயே விட்டுவிடலாமா என்று கேட்டால், அதுவும் முழுப் பதில் ஆகாது. அவர்களுக்கென்று விதிகள் உண்டு; அவை அறிவிக்கைகளைவிட வயதானவை. பழவேற்காடு ஏரியில் 'பாடு' என்ற முறை இருக்கிறது. நல்ல மீன் கிடைக்கும் இடங்களை யாரும் சொந்தமாக்கிக்கொள்ளாமல், முறை வைத்து மாற்றி மாற்றி வலை போடுகிறார்கள். இன்றைக்கு நல்ல இடம் கிடைத்தவருக்கு நாளைக்குச் சுமாரான இடம். கோட்டை நம்பாமல் முறையை நம்புகிற விதி இது. நீர் மாறும், மீன் மாறும் என்பதை ஒப்புக்கொண்ட விதி. ஆனால் இந்தப் பாட்டில் பங்கு பெறத் தலைக்கட்டுக் கணக்கில் பெயர் இருக்க வேண்டும். அந்தக் கணக்கு பரம்பரையாக ஒரு சாதிக்குள் ஓடிவந்த கணக்கு. அதே ஏரியை நம்பிய மற்றச் சாதியார் வெளியே நிறுத்தப்பட்டார்கள். அதனால் தகராறுகள் நேர்ந்தன. ஊர்ப் பஞ்சாயத்தின் விதிக்கும் ஒரு கதாநாயகன் இருக்கிறான். அங்கும் வெளியே நிற்கிறவர்கள் இருக்கிறார்கள். கிராமத்தது என்பதாலேயே ஒரு விதியைக் கும்பிட வேண்டிய அவசியம் இல்லை.

ஆயினும் அதிலிருந்து கற்றுக்கொள்ள ஒன்று இருக்கிறது. நகர்கிற பொருளைப் பங்கிடும்போது கோடு போதாது, முறை வேண்டும். மணலும் நகர்கிற பொருள்தான். சுவர் எழுப்பி மணலை நிறுத்துகிறவர், நின்ற மணலை வாரி வடபுறம் சேர்க்கக் கடமைப்பட்டவர் என்று ஏன் எழுதக் கூடாது? இது நடக்காத காரியம் அல்ல. விசாகப்பட்டினத்தில் துறைமுகத்தை ஒட்டிச் சேரும் மணலைத் தோண்டி நகரத்துக் கடற்கரைக்குச் சேர்ப்பது பல காலமாக நடந்துவருகிறது. அங்கேயும் அது முதலில் உலாவுமிடத்தைத்தான் நினைக்கிறது என்றாலும் வழி இருக்கிறது என்பதற்கு அது போதும்.

2019இல் வந்த புதிய அறிவிக்கை வேறு திசையில் போயிருக்கிறது. ஒரு சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்குமேல் வசிக்கும் கிராமப் பகுதிகளில், கட்டடம் கூடாத பட்டையை 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகச் சுருக்க வழி செய்திருக்கிறது. நெருக்கடியில் வாழும் மீனவக் குடும்பத்துக்கு ஓர் அறை கூடக் கிடைக்கும் என்பது அதன் நல்ல பக்கம். அந்த மனையின்மேல் கண் வைத்திருக்கும் ஹோட்டல்காரருக்கும் அதே கதவு திறக்கிறது என்பது மறுபக்கம். கதவுக்கு இருவரில் யார் வருகிறார் என்று பார்க்கத் தெரியாது. பார்க்கச் சொல்லி எழுதியிருக்க வேண்டியவர் சட்டத்தை எழுதியவர்.

நல்ல நாவலாசிரியன் தனக்குப் பிடித்த பாத்திரத்துக்காக மற்றவர்களைப் பலி கொடுப்பதில்லை. கடற்கரை விதிகளிடமும் இவ்வளவுதான் கேட்கத் தோன்றுகிறது. உலாவ வருகிறவர் தாராளமாக உலாவட்டும். காற்று எல்லோருக்கும் பொது. ஆனால் அவர் காலுக்கடியில் இருக்கும் மணல் எங்கே போக வேண்டிய மணல், அது போகாததால் எந்த ஊரில் எத்தனை வீடு போயிற்று என்ற கணக்கை ஒவ்வொரு நகரத்தின் கடற்கரைத் திட்டத்திலும் முதல் பக்கத்திலேயே எழுத வேண்டும். அழகுபடுத்தும் செலவை அதற்குப் பிறகு எழுதிக்கொள்ளலாம்.