பசிபிக் சூரையும் எட்டு நாடுகளின் கூட்டுப் பேரமும்

நவுருவின் நிலப்பரப்பு 21 சதுர கிலோமீட்டர், துவாலுவுக்கு 26. கிரிபட்டியின் நிலம் 811 சதுர கிலோமீட்டர்தான், ஆனால் அதன் கடல் உரிமை எல்லை ஏறத்தாழ 35 லட்சம் சதுர கிலோமீட்டர். அது இந்தியாவின் நிலப்பரப்பைவிடப் பெரிது. உலகின் சூரை மீன் பிடிப்பில் பாதிக்கும் மேல் கிடைப்பது இத்தீவுகள் சிதறிக் கிடக்கும் மேற்கு, நடுப் பசிபிக்கில். இருந்தும், பல ஆண்டுகளாக அந்த மீனை அள்ளிச் சென்றவை தொலைதூர நாடுகளின் கப்பல்களே. உரிமக் கட்டணமாகத் தீவுகளுக்குக் கிடைத்தது மீனின் மதிப்பில் சிறு பங்குதான். ஒரு தீவு விலையை உயர்த்தினால், கப்பல்கள் குறைந்த விலைக்கு இணங்கும் பக்கத்துத் தீவிடம் போய்விடும்.

1984இல் சாலமன் தீவுகள் தன் கடலில் மீன் பிடித்த ஓர் அமெரிக்கச் சூரைக் கப்பலைப் பறிமுதல் செய்தபோது, அமெரிக்கா அந்நாட்டு மீனுக்குத் தடை விதித்தது. வலசை போகும் சூரை மீது கரையோர நாட்டுக்கு உரிமையில்லை என்பது அன்றைய அமெரிக்க வாதம். தீவுகள் ஒன்றாக நின்ற பிறகே 1987இல் அமெரிக்காவுடன் ஒப்பந்தம் கையெழுத்தானது.

அந்த ஒற்றுமைக்கு அடித்தளம் ஏற்கெனவே இருந்தது. 1982இல் உருவான நவுரு உடன்படிக்கையில் மைக்ரோனேசியா, கிரிபட்டி, மார்ஷல் தீவுகள், நவுரு, பலாவ், பாப்புவா நியூகினி, சாலமன் தீவுகள், துவாலு ஆகிய எட்டு நாடுகள் உள்ளன. 2007இல் இவை கொண்டுவந்த ‘கப்பல் நாள்’ திட்டம்தான் பேரத்தின் போக்கை மாற்றியது. சுருக்குமடிக் கப்பல்களுக்கு ஆண்டுக்கு இத்தனை மீன்பிடி நாள்கள் என வரம்பு வைத்து, அவற்றை நாடுகளுக்குள் பங்கிட்டு, விலைக்கு விடுவது அதன் வழிமுறை. 2015 முதல் ஒரு நாளின் அடிமட்ட விலை 8,000 டாலர். 2010இல் சுமார் 6 கோடி டாலராக இருந்த வருவாய், சில ஆண்டுகளிலேயே பல மடங்கு பெருகி 50 கோடி டாலரை நெருங்கியது. கிரிபட்டி, துவாலு போன்ற நாடுகளின் பள்ளிகளும் மருத்துவமனைகளும் பெரிதும் இந்தப் பணத்தில்தான் இயங்குகின்றன.

பணத்தோடு கட்டுப்பாடும் வந்தது. சுருக்குமடிக் கப்பல் ஒவ்வொன்றிலும் பார்வையாளர் இருக்க வேண்டும். ஆண்டில் குறிப்பிட்ட காலத்தில் மீன் ஈர்ப்பு மிதவைகளைச் சுற்றி வலை விரிக்கக் கூடாது. பிடித்த மீனைத் துறைமுகத்தில்தான் வேறு கப்பலுக்கு மாற்ற வேண்டும். இந்த வட்டாரத்தின் முக்கியச் சூரை வகைகள் நான்கும் அழிவின் விளிம்புக்குப் போகாமல் இருப்பதில் இவ்விதிகளுக்குப் பங்குண்டு.

இந்தியப் பெருங்கடலோடு ஒப்பிட்டால் இதன் அருமை விளங்கும். அங்கே மஞ்சள்துடுப்புச் சூரை மிகையாகப் பிடிக்கப்படுவதாக 2015இலேயே எச்சரிக்கை எழுந்தது. மாசிக் கருவாட்டுக்குப் பேர்போன, தூண்டிலால் ஒவ்வொன்றாகச் சூரை பிடிக்கும் மாலத்தீவு உள்ளிட்ட கரையோர நாடுகள் மிதவைகளுக்குக் கடும் கட்டுப்பாடு கேட்டுவந்தன. 2023இல் இந்தியப் பெருங்கடல் சூரை ஆணையம் 72 நாள் மிதவைத் தடையை வாக்கெடுப்பில் நிறைவேற்றியும், ஐரோப்பிய ஒன்றியம் உள்ளிட்ட உறுப்பினர்கள் ஆட்சேபம் தெரிவித்து விலகிக்கொண்டனர். பசிபிக்கில் விதியை எழுதுவோர் கடலின் உரிமையாளர்கள். விதியை ஏற்காத கப்பலுக்கு உரிமம் இல்லை.

ஆயினும், இத்திட்டம் எண்ணுவது நாளை, மீனை அல்ல. எதிரொலிமானி பொருத்திய மிதவைகள் அடியில் எவ்வளவு மீன் திரண்டிருக்கிறது என்பதைச் செயற்கைக்கோள் வழியாகக் கப்பலுக்குச் சொல்லிவிடுகின்றன. தேடும் நேரம் குறையக் குறைய, அதே ஒரு நாளில் அள்ளும் மீன் கூடுகிறது. நாள்களின் எண்ணிக்கை மாறாமலே கடல் மீதான அழுத்தம் ஏறிவிட இது வழிவிடுகிறது. மிதவையடியில் சிக்கும் பெருங்கண் சூரைக் குஞ்சுகளுக்கு இதனால் கூடுதல் ஆபத்து. ஆயிரங்கால் தூண்டில் கப்பல்களோ பெரும்பாலும் பார்வையாளர் இன்றியே ஓடுகின்றன.

இன்னொரு குறை பொருளாதாரம் சார்ந்தது. சாலமன் தீவுகளின் நோரோ, பாப்புவா நியூகினியின் லே போன்ற இடங்களில் ஆலைகள் இருந்தாலும், மீனில் பெரும்பகுதி தாய்லாந்துக்குப் போய்த்தான் டின்னில் அடைக்கப்படுகிறது. உரிமக் கட்டணம் உயர்ந்த அளவுக்குத் தீவுகளில் வேலை பெருகவில்லை.

எல்லாவற்றையும்விடப் பெரிய சோதனை பருவநிலை மாற்றம். எல் நினோ ஆண்டுகளில் சூரை கிழக்கே நகர்வது இத்தீவுகளுக்குப் பழக்கமானது. நாள்களைத் தங்களுக்குள் கைமாற்றிச் சமாளிக்கிறார்கள். கடல் நிரந்தரமாகச் சூடேறினால் மீன் இவர்களின் எல்லையைத் தாண்டிப் பொதுக்கடலுக்கே போய்விடும். கரிம உமிழ்வு இப்படியே உயர்ந்தால், 2050க்குள் பத்துத் தீவு நாடுகளின் கடலில் சுருக்குமடிப் பிடிப்பு சராசரியாக 20 விழுக்காடு குறையலாம் என்று 2021இல் வெளியான ஆய்வு கணித்தது. பொதுக்கடலில் இவர்களின் ‘நாள்’ செல்லாது. ஆகவே நாள் கணக்கோடு பிடிப்பு அளவுக்கும் வரம்பு வைப்பதும், பொதுக்கடல் மீனில் தீவுகளுக்குள்ள பங்கை மேற்கு, நடுப் பசிபிக் மீன்வள ஆணையத்தில் எழுத்தில் உறுதிசெய்வதும் இப்போதே நடக்க வேண்டும். மீன் இன்னும் தங்கள் எல்லைக்குள் இருக்கையில்தான் இந்த எட்டு நாடுகளின் சொல்லுக்கு மேசையில் எடை இருக்கும்.