ஒற்றைச் சொல்லில் மறைந்த ஊர்

1845இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தால் அயர்லாந்தினின்று இங்கிலாந்து புகுந்தோரின் வழிவந்தார், முன்னோரைத் தேடி முதலிற் புரட்டுவது 1851ஆம் ஆண்டுக் குடிக்கணக்கேட்டையே. பெயர், அகவை, தொழில், உறவுமுறை யாவும் அதில் உள. பிறந்த இடத்திலோ, பெரும்பாலும் 'அயர்லாந்து' என்னும் ஒரு சொல்லே நிற்கின்றது! இங்கிலாந்திற் பிறந்தார்க்கு ஊரையும் கோட்டத்தையும் எழுதப் பணித்த அரசு, 1801 முதல் தன் குடிகளாகவே இருந்த ஐரிசு மக்களுக்கு நாட்டின் பெயரே போதுமென விதித்தது. இதனைக் கணக்கெடுப்பாளரின் சோம்பலென்பது பொருந்தாது. விதியின் குறை அது. அவ்விதியை மீறி ஊர்ப்பெயரையும் எழுதிவைத்தார் சிலர் உளர். அம்மீறலே இன்று பெருங்கொடை.

மறுகரையிலும் வழி அடைபட்டுள்ளது. அயர்லாந்தின் 1851ஆம் ஆண்டு ஏடுகளிற் பெரும்பகுதி 1922இல் டப்ளின் ஆவணக் காப்பகத் தீயில் அழிந்தது. எஞ்சுவன இங்கிலாந்தின் கத்தோலிக்கத் தேவாலயத் திருமணப் பதிவேடுகள். ஆங்கே இலத்தீனில் பெற்றோர் பெயரும், சிற்சில பதிவுகளில் பிறந்த ஊரும் கிடைக்கின்றன.